பட்டியலில் சேராத அட்டியல்

சங்கரன்கோவில்
28-8-1950

அன்புள்ள நெல்லைக்கு,

இங்கே நானும் அம்மாவும் வடிவும் சுகம். சிவகிரி போய்ச் சேர்ந்தேன் என்று நீ ஒரு வரி எழுதவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, வீட்டில் ஏதும் சொன்னார்களா, உன் மாமியாரின் இருமல் குறைந்ததா, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

ஆடித்தபசுக்கு வந்தவள் எங்கள் வீட்டில் தங்கினாயே, தெருவுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. புருஷன் தள்ளி வைத்தவளின் வீட்டில் புருஷனின் தங்கைக்கு என்ன வேலை? எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம், "நாத்தனா சமாதானம் பேச வந்தாளோ?" என்று கேட்டாளாம். "இல்லட்டி, சப்பரம் பாக்க வந்தா. ஒன் வீட்டு வாசல்ல நின்னா மறைக்கும்லா, அதான் எங்க வீட்டுக்கு வந்தா" என்றாளாம் அம்மா.

நீ போன பிறகு ஒரு முடிவு எடுத்தேன். உனக்குத் தெரியாமல் அதைச் செய்ய மனம் வரவில்லை. உன் அண்ணன் மேல் ஜீவனாம்ச வழக்குப் போடப் போகிறேன். அவர் தென்காசியில் இன்னொரு குடும்பம் வைத்து மூன்று வருஷமாகிறது. அவருடைய குருவிகுளத்துக் கரிசலில் விளையும் பருத்தியில் பெற்ற மகள் வடிவுக்கு ஒரு சட்டைத்துணி வந்ததில்லை. நான் நெசவுக்காரர்களுக்கு நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றிக் கொடுக்கிறேன். நூலை இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

மாணிக்கராஜ் வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனுஷர். "வழக்குன்னா ஸ்டாம்பு கட்டணும்மா. கட்ட வழியில்லாதவங்களுக்கு பாப்பர் மனுன்னு ஒண்ணு இருக்கு. ஸ்டாம்பு இல்லாமலே வழக்கை எடுத்துக்குவாங்க. ஆனா இல்லாதவள்னு நீயே நிரூபிக்கணும். ஒனக்குள்ள சொத்தை செம்பு, பாய் வரைக்கும் எழுதிக் கொண்டா. உடுத்துத துணி மட்டும் கணக்குல வராது" என்றார்.

எழுதினேன். அரைத்தாளில் முடிந்துவிட்டது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்மியை ஏன் விட்டே?" என்றாள். அது வீட்டுச் சொந்தக்காரருடையது என்றேன். "இருந்தா என்ன, எழுது. அம்மிகூட இல்லாத வீடுன்னு முன்சீப்பு நெனைச்சிரப் போறாரு."

புறப்படும்போது, "கழுத்து வெறிச்சுன்னு இருக்கு மதினி" என்று உன் கெம்பு அட்டியலைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாயே, அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அது உன்னுடையது. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. நீ வரும்போது வாங்கிக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சங்கரேஸ்வரி


சிவகிரி
11-9-1950

அன்புள்ள மதினிக்கு நெல்லையம்மாள் எழுதிக்கொண்டது. இங்கன எல்லாரும் சுகம். மாமியாருக்கு இருமல் அப்படியேதான் இருக்கு, ஏச்சும் அப்படியேதான் இருக்கு. வடிவுக்குக் கரப்பான் புண்ணு ஆறிட்டா?

வழக்குப் போடுங்க. அண்ணனாச்சேன்னு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அம்மா உசிரோட இருந்திருந்தா உங்க பக்கம் நின்னிருப்பான்னு எழுதத்தான் ஆசை. பொய் எதுக்கு? அம்மாவுக்கு அண்ணன்னா உசிரு.

அட்டியலுக்கு இப்ப அவசரம் இல்லை. கல்லு ஆடுது, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்னு இவுககிட்ட சொல்லி வச்சிருக்கேன். கோர்ட்டுக்குப் போகையில அதைப் போட்டுக்கிட்டே போங்க. மொட்டைக் கழுத்தோட நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தா பாக்கிறவுக அண்ணனையா பேசுவாக? உங்களைத்தான் பேசுவாக. உங்க அம்மாகிட்ட கேளுங்க, அத்தையும் இதைத்தான் சொல்லுவாக.

வடிவுக்கு என் முத்தம்.

உங்கள் நெல்லை


சங்கரன்கோவில்
5-10-1950

அன்புள்ள நெல்லைக்கு,

நாங்கள் நலம். வடிவுக்குக் கரப்பான் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. அங்கே மழை உண்டா?

மனுவைக் கொடுத்துவிட்டேன். இந்த மனுவை வக்கீல் கொடுத்தால் செல்லாதாம். இல்லாதவள் தானே நேரில் போய் நீட்ட வேண்டுமாம். காலையில் வெறும் கழுத்தோடுதான் புறப்பட்டேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "ஏட்டி, அவ ஒருத்தி உருப்படியா ஒரு வார்த்தை சொன்னா. புள்ளையார் கோயில் முக்குல நாலு பேரு ஒக்காந்திருப்பான். இந்தக் கோலத்துல போனேன்னா நான் நாளைக்குத் தண்ணிக்குக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய போக மாட்டேன்." அவள் கையில் நீ எழுதிய கடிதம் வேறு. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்வேன்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அட்டியலைப் போட்டுக்கொண்டேன்.

கோர்ட் வராந்தாவில் மாணிக்கராஜ் வக்கீல் என்னைப் பார்த்தவுடன் எழுந்து ஓடி வந்தார். "யாரும்மா இதைப் போட்டுக்கிட்டு வரச் சொன்னது? கழட்டு, கழட்டு" என்றார். அதற்குள் சேவகன் என் பேரைக் கூப்பிட்டுவிட்டான்.

முன்சீப் பட்டியலைப் படித்தார். என் கழுத்தைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"இது இதில் இல்லையே?"

"இரவல் ஐயா."

"கோர்ட்டுக்கு வருவதற்கு இரவலா? யாருடையது?"

உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதே என்று ஒரு கணம் வாய் வரவில்லை. அந்த ஒரு கணத்தை அவர் கவனித்தார். பிறகு, "நாத்தனாருடையது" என்றேன். உன் பேரைச் சொல்லும்படி ஆகிவிட்டது. குறித்துக்கொண்டார். உன் அண்ணனுக்கு நோட்டீஸ் போகிறது.

அட்டியலை உடனே உன்னிடம் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். வக்கீல் கூடாது என்றுவிட்டார். இப்போது என் கையை விட்டுப் போனால் சொத்தை மறைத்ததாக ஆகிவிடுமாம். விசாரணை முடியட்டும் என்கிறார். கோபித்துக்கொள்ளாதே.

சங்கரேஸ்வரி


சிவகிரி
4-11-1950

மதினிக்கு,

சுகம். உங்க சுகத்துக்கும் எழுதுங்க. தீபாவளி வேலையில கடிதம் எழுதப் பிந்திட்டு.

என் பேரு அங்க காயிதத்துல ஏறினது இவுக காதுக்கு வராம இருக்கணும். தீபாவளிக்கு அட்டியல் எங்கன்னு கேட்டாக. ஆசாரிக்கு வீட்டுல சாவு, தீட்டுன்னு சொன்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன் மதினி. சீக்கிரம் முடியுமா?

நெல்லை


சங்கரன்கோவில்
28-11-1950

அன்புள்ள நெல்லைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

நேற்று விசாரணை. உன் அண்ணன் வந்திருந்தார். புது அங்கவஸ்திரம். வடிவு எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். அந்த அட்டியல் என்னுடையது என்றார். "எங்க அம்மா கல்யாணத்தன்னைக்கு இவளுக்குப் போட்ட நகை. கோவிச்சுக்கிட்டுப் போகும்போது கொண்டுட்டுப் போயிட்டா. வசதி இருந்தும் இல்லாதவன்னு வந்து நிக்கா." பிறகு ஒரு போட்டோவை நீட்டினார். எங்கள் கல்யாணப் போட்டோ. அதில் என் கழுத்தில் உன் அட்டியல், எல்லாக் கல்லும் தெரிகிற மாதிரி.

உனக்கு ஞாபகம் இருக்கும். சபைக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா அதை எனக்குப் போட்டார்கள். மூன்றாம் நாள் சம்பந்திமார் போனதும், அடுக்களையில் வைத்துக் கழற்றிக்கொண்டார்கள். நீதான் பின்னால் நின்று முடிச்சை அவிழ்த்தாய். ஆறு மாதம் கழித்து உன் கல்யாணத்தில் அது உன் கழுத்துக்கு வந்தது. நம்மவர் கல்யாணங்களில் பெண்ணின் மேல் கிடக்கும் நகையில் பாதி இரவல் என்று பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டில் யார் எழுந்து சொல்வார்கள்? கல்யாணத்துக்கு வந்திருந்த உன் பெரியப்பா பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அம்மா இப்போது இல்லை. இதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். டிசம்பர் இருபதாம் தேதி அடுத்த வாய்தா. வந்து, "அது என்னுடையது, நான்தான் கொடுத்தேன்" என்று சொன்னால் போதும். இந்த மனு ஒரு தடவை தள்ளுபடியானால் திரும்பக் கொடுக்க முடியாதாம். உன் அண்ணனுக்கு எதிராக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சங்கரேஸ்வரி


சங்கரன்கோவில்
12-12-1950

அன்புள்ள நெல்லைக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். தினமும் தபால்காரர் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் வாசலில் நிற்கிறேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது, எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் போகிறார். வருவாய், வர மாட்டாய் என்றாவது எழுது. எல்லாரும் சுகம்தானே?

சங்கரேஸ்வரி


சிவகிரி
16-12-1950

சௌபாக்கியவதி சங்கரேஸ்வரிக்கு,

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும் தங்கள் தாயார் க்ஷேமத்தையும் அறிய விரும்புகிறேன்.

எனக்குக் கையில் சற்றுச் சுளுக்கு ஏற்பட்டிருப்பதால் நான் சொல்ல என் கணவர் எழுதுகிறார். தமையனார் இங்கு வந்து இரண்டு தினங்கள் தங்கி, ஒரு மூட்டை உளுந்தும் கொடுத்துச் சென்றார். அவருடைய சிவகிரி வயலை வரும் ஆண்டும் நாங்களே பயிர் செய்து கொள்ள அனுமதித்துள்ளார். தாங்கள் குறிப்பிட்டிருக்கும் அட்டியல் விஷயம் எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறும் வழக்கமும் இல்லை. இது பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நெல்லையம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)


சங்கரன்கோவில்
9-1-1951

நெல்லை,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சுங்குடிச் சேலை விற்க உங்கள் ஊருக்கு வருகிற ஆமினாளிடம் கொடுத்திருக்கிறேன். மூட்டையை விரித்து உனக்குச் சேலை காட்டும்போது தருவாள்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நீ. என் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதி வாசித்தவள். உன் கடிதத்தின் அடியில் ரேகையைப் பார்த்துவிட்டு அம்மா, "சுளுக்குக்கு எண்ணெய் தேய்ப்பாக, உருட்டுவாக. மை தேய்க்கிறதை இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

உன்னைச் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம் என்றார் வக்கீல். நீ கூண்டில் நிற்பாய், எதிரே உன் அண்ணனும் உன் வீட்டுக்காரரும் நிற்பார்கள், சாயங்காலம் அவர்களோடுதான் நீ பஸ் ஏற வேண்டும். வேண்டாம் என்றேன். "அப்போ மனு நிக்காதும்மா" என்றார். தெரியும் என்றேன்.

நிற்கவில்லை. நேற்று உத்தரவு வாசித்தார்கள். நகை மனுதாரியுடையது, அதைப் பட்டியலில் மறைத்திருக்கிறார், ஆகவே அவர் இல்லாதவர் அல்ல. மாசிக் கடைசிக்குள் ஸ்டாம்பு கட்டினால் வழக்கு நடக்கும், இல்லையென்றால் அதோடு சரி. வெளியே வந்தபோது என்னைப் பார்த்து ஒரு கிழவர், "கும்பிடுதேன் மகராசி" என்றார். கோர்ட்டே என்னைப் பணக்காரி என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போல.

மாணிக்கராஜ் வக்கீல் மெல்லிய குரலில் சொன்னார்: "அட்டியல் ஒன்னுதுன்னு ஒம் புருஷனே சத்தியம் பண்ணிட்டாரு. கோர்ட்டும் எழுதிட்டு. அதையே வித்து ஸ்டாம்பு கட்டும்மா. இனிமே யாரும் கேக்க முடியாது."

நீ கேட்கலாம். அட்டியல் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் ஆமினாள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறேன். வழக்கு போனால் போகிறது, தார் சுற்றியே வடிவை வளர்த்துவிடுவேன். உன்னிடம் கேட்காமல் விற்க மாட்டேன். இதற்கு மட்டும் நீயே எழுது. எந்தக் கையில் சுளுக்கு?

சங்கரேஸ்வரி


சிவகிரி
1-2-1951

மதினிக்கு,

சுகந்தான். இடது கையால எழுதுதேன், கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஆமினாள் கொண்டுவந்த பச்சைச் சேலை நல்லா இருந்துச்சு. வாங்கல.

பதக்கத்துக்கு மேல, இடது பக்கம் மூணாவதா ஒரு கல்லு இருக்காது. அது என் கல்யாணம் கழிஞ்ச வருசமே விழுந்துட்டு. உங்ககிட்ட வந்த பெறகு விழுந்ததுன்னு ஆசாரி சாதிப்பான், விலையைக் குறைப்பான். விடாதீங்க, முன்னமே இல்லைன்னு சொல்லுங்க. உள்ள அடைச்ச அரக்கு ஜாஸ்தி. அதை உருக்கி எடுக்கையில பக்கத்துலயே நில்லுங்க, அங்க இங்க பார்க்காதீங்க. தெற்கு ரத வீதிக்காரன்கிட்ட போகாதீங்க. அவன் அண்ணனுக்குப் பழக்கம்.

வேற ஒண்ணும் கேட்டு எழுத வேண்டாம். இங்கன எனக்கு ஒரு குறையும் இல்லை. வடிவை வெயில்ல விடாதீங்க.

நெல்லை


சங்கரன்கோவில்
22-2-1951

என் நெல்லைக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். அதில் நீ ஒரு இடத்திலும் 'விற்றுவிடு' என்று எழுதவில்லை. 'விற்காதே' என்றும் இல்லை. கல்லையும் அரக்கையும் பற்றித்தான் இருந்தது. நாலாம் நாள் திருவேங்கடம் போனேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. ஆசாரி அட்டியலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கல்லு விழுந்திருக்கே தாயி" என்றார். "முன்னமே இல்லை" என்றேன். அரக்கு உருகுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். புகை கண்ணில் ஏறியதால் கொஞ்ச நேரம் சரியாகத் தெரியவில்லை. மற்றபடி நீ சொன்னபடியே செய்தேன்.

ஸ்டாம்பு கட்டியாகிவிட்டது. வழக்குக்கு நம்பர் கொடுத்துவிட்டார்கள். வடிவின் பேரும் அதில் இருக்கிறது.

இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். கோர்ட் வராந்தாவில் உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அதை வித்துட்டியா? அது நெல்லையோடதுல்லா!" என்றார். உள்ளே சத்தியம் செய்துவிட்டு மறைத்த உண்மையை, எழுதிக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டுப் போனார். முன்சீப் கேட்டபோது இது நினைவில்லையா என்று கேட்டேன். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவர் அடுத்த பஸ்ஸில் சிவகிரிக்குத்தான் வந்திருப்பார். உங்கள் தெருவில் உன்னைப் பார்க்கவில்லை என்கிறாள் ஆமினாள். கதவு சாத்தியிருந்ததாம். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால், குறையில்லை என்பாய். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கரேஸ்வரி


சிவகிரி
13-3-1951

அன்புள்ள மதினிக்கு நெல்லையம்மாள் எழுதிக்கொண்டது. நீங்களும் அத்தையும் வடிவும் சுகமா இருக்கணும்.

வலது கையில இப்ப பேனா பிடிக்க முடியுது. அதனால நேராவே எழுதுதேன்.

கோர்ட்டுக்குப் போகாம வாயை மூடிக்கிட்டு இருந்தா, கேசு முடிஞ்சதும் அட்டியலை வாங்கித் தாரேன்னு அண்ணன் இவுகளுக்கு வாக்குக் குடுத்திருந்தான். அதை நம்பித்தான் அந்தக் கடிதம், அந்த ரேகை எல்லாம். வலது கையை முறுக்கித்தான் இடது கையை மையில வச்சாக. உத்தரவு வந்த பெறகு அண்ணன் கையை விரிச்சுட்டான். கோர்ட்டே அவளுதுன்னு எழுதிட்டு, நான் என்ன செய்யன்னு கேட்டான். தை மாசத்துல இருந்தே இவுக சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாக, அட்டியலோட இரு, இல்லன்னா எங்கயாவது போயிருன்னு. நான் உங்ககிட்ட கேக்கல. கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க.

வித்தாச்சுன்னு அண்ணன் வந்து சொன்னதும் முடிஞ்சுபோச்சு, வெளிய தள்ளிட்டாக. இப்ப மாமியாரோட அக்கா வீட்டுல, மாட்டுத்தொழுவுக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுல அங்க வாரேன். ரெண்டு சேலை இருக்கு, ஒண்ணைக் கட்டியிருப்பேன். ஒரு செம்பு. தாலியை மஞ்சக்கயித்துல கோத்திருக்கேன்.

மாணிக்கராஜ் வக்கீல்கிட்ட எனக்கும் அந்த பாப்பர் மனுவைப் பத்திக் கேட்டு வையுங்க. அரைத்தாளுகூட வேண்டியிருக்காது. இவுக எந்த போட்டோவைக் கொண்டாந்தாலும் என் கழுத்துல இப்ப ஒண்ணும் இல்லை.

அத்தைகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வையுங்க மதினி. எனக்காக யார் வீட்டுலயும் போய் ஒண்ணும் இரவல் கேட்டுற வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து நான் இப்படியே நடந்து வாரேன்.

உங்கள்
நெல்லை